கெமரா அறையில் நான் எழுதிய ஓர் ‘இல்லை’

போன மாதம் சாய்ந்தமருதில் ஒரு கலியாண வீடு. சேர்ந்து உண்ணும் பெரிய தட்டான ஒரு சஹனைச் சுற்றி நாங்கள் ஆறு பெண்கள் உட்கார்ந்திருந்தோம். சோற்றின் மேல் மூடியிருந்த துணியை விலக்குவதற்கு முன்பே மூன்று கைப்பைகள் திறந்தன. மூன்றிலிருந்தும் ஒரே நிறத்துக் கெப்ஸ்யூல் வெளியே வந்தது. பிஸ்மி சொல்வதற்கு முன் ஒமேப்ரசோல் விழுங்குகிற காலத்துக்கு நாங்கள் வந்து சேர்ந்துவிட்டோம். கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: “கெஸ்ட்ரிக்.”

எனக்குப் பக்கத்தில் இருந்தவள் றிஸ்னா. நான் ஓய்வுபெற்ற பிறகு அதே வேலைக்கு வந்த தாதி. வாயில் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் அறையில், சனங்கள் சொல்கிற ‘கெமரா றூமில்’, இப்போது அவள்தான் நிற்கிறாள். என் முழங்கையை இடித்துக்கொண்டு கேட்டாள்:

“ராத்தா, உங்கட காலத்திலயும் சனம் இப்பிடித்தான் குளிசை போட்டதா?”

“எங்கட காலத்தில குளிசை கொறவு புள்ள. மாமிமார்தான் கூட.”

சஹனைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. ஆனால் நான் பகிடிக்குச் சொல்லவில்லை. நான் மட்டக்களப்பில் தாதிப் பயிற்சி எடுத்தபோது, வயிற்றுப் புண் கவலையால் வரும், பசி கிடந்தால் வரும், கொச்சிக்காயும் புளியும் தின்றால் வரும் என்றுதான் சொல்லித் தந்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிவருகிறவர். ஆகவே வார்ட்டில் புண்ணோடு படுத்திருந்த ஆண்களில் பாதிப்பேர் தங்கள் நோய்க்கு மாமியையே காரணம் காட்டினார்கள். மாமிமாரும் பார்க்க வரும்போது பால் மாப் பெட்டியோடு குற்றவாளிகளைப் போலத்தான் வந்து நின்றார்கள்.

அந்தப் பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மருதமுனையில் தறி நெய்தவருடைய மகள், வெள்ளை உடுப்புப் போட்டாள், ஊர் கொஞ்சம் கதைத்தது, பிறகு ஊரே ஊசி போட அவளிடம் வந்தது. புண்காரருக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் பாலும், நடுவில் வெள்ளை மருந்தும் கொடுத்தோம். மருந்துக்கு அடங்காதவர்களை வெட்டினார்கள். அமிலத்தைச் சுரக்கச் சொல்லி வயிற்றுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பையே அறுத்துவிடுகிற சத்திரசிகிச்சையும் இருந்தது. பிறகு, பெரும்பாலான புண்களுக்குக் காரணம் ஒரு கிருமி என்று செய்தி வந்தது. எங்கள் மூத்த சிஸ்டர் அதைக் கேட்டுவிட்டு, “அமிலத்துக்குள்ள கிருமி உயிரோட இரிக்குமாம். அப்ப நெருப்புக்குள்ள மீனும் நீந்தும்” என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை அடக்கியவர்தான் எங்கள் பெரிய டொக்டர்.

அவர் பெயரை எழுத வேண்டாம். எழுதினால் கோபிப்பார். ஆலையடிவேம்பைச் சேர்ந்தவர், எங்கள் மார்க்கத்தவர் அல்ல. சனங்கள் அவருக்கு வைத்த பெயர் ‘கேள்வி டொக்டர்’. அவரிடம் போனால் மருந்து கிடைக்கப் பிந்தும், கேள்வி உடனே கிடைக்கும் என்பார்கள். நெட்டையான மனிதர். நோயாளியின் முகத்துக்கு நேரே தன் முகம் வரவேண்டும் என்பதற்காக ஒரு சிறிய குட்டை முக்காலியில் மடங்கி உட்காருவார். ஒரு கேள்வி கேட்பார். கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டு காத்திருப்பார். வெளியே வாங்குகளில் உட்கார்ந்து அறுபது பேர் இருமிக்கொண்டும் சண்டை பிடித்துக்கொண்டும் இருப்பார்கள், எனக்கு உச்சி வேகும். அவருக்கு உலகத்தில் வேறு வேலையே இல்லாத மாதிரி இருக்கும்.

கேள்வியையும் அவர் கேட்கிற விதம் வேறு. வரவுப் படிவத்தில் நோவு நிறுத்தும் மாத்திரை பற்றி ஒரு வரி இருந்தது: ‘நோக்குளிசை பாவிக்கிறவரா? ஆம், இல்லை.’ நாங்கள் அப்படியே வாசித்துக் கேட்போம். எல்லோரும் ‘இல்லை’ என்பார்கள். அவர் அப்படிக் கேட்கமாட்டார். “உடம்பு நொந்தா என்ன செய்வீங்க?” என்பார். அவ்வளவுதான். பேனா கீழே போய்விடும். ஒரு நிமிடம் கழித்து நோயாளி தன் சட்டைப் பைக்குள் கையை விடுவார்.

“இதெல்லாம் மருந்தில்ல டொக்டர். கடையில வாங்குற. உளைவுக்குப் போடுற.”

“ஓம், ஓம். மருந்தில்லாததையும் எனக்குக் காட்டுங்க” என்று அவர் கையை நீட்டுவார்.

ஒருநாள் இறக்காமத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். நெல் வெட்டுக் காலம் முடிந்த கையோடு வந்திருந்தார். மலம் கறுப்பாகப் போகிறது என்றார். தன் நோய்க்குத் தானே தீர்ப்பும் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

“வயித்தில புளிச்ச தண்ணி கூடிப் போச்சு டொக்டர். அதான் புண். அந்தத் தண்ணிய வத்தவைக்க ஏதாவது தாங்க.”

டொக்டர் முக்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்தார். “உங்கட குளம் உடைஞ்சா, தண்ணியக் கொற சொல்லுவீங்களா? கட்டக் கொற சொல்லுவீங்களா?”

அந்த மனிதர் யோசித்தார். “ரெண்டையும் சொல்ல மாட்டம். கட்டப் பாக்காம உட்ட வட்டவிதானையத்தான் சொல்லுவம்.”

வட்டவிதானை என்றால் வயலுக்கும் வாய்க்காலுக்கும் பொறுப்பாக விவசாயிகள் வைக்கிற ஆள். டொக்டர் விழுந்து விழுந்து சிரித்ததை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். பிறகு ஒரு காகிதத் துண்டின் பின்பக்கத்தில் வயிற்றைப் படமாகக் கீறினார். நான் அதற்கு முன் எத்தனையோ புத்தகங்களில் பார்த்த படம்தான். ஆனால் அன்றுதான் விளங்கியது.

“இந்த வயிறு ஒரு நாளைக்குச் சுரக்கிற அமிலம் இறைச்சித் துண்டைக் கரைச்சுப் போடும். ஆனா வயிறும் இறைச்சிதானே? அது ஏன் கரையல்ல? உள்பக்கம் முழுக்க ஒரு கொழகொழப்பான பூச்சு இருக்கு. அதையும் வயிறுதான் சுரக்குது. அமிலம் தண்ணி. பூச்சு கட்டு. தண்ணி இல்லாட்டி வெள்ளாமை இல்ல, அமிலம் இல்லாட்டிச் சமிபாடு இல்ல. கட்டு நல்லா இருக்கிற வரைக்கும் தண்ணி ஒண்டும் செய்யாது.”

“அப்ப கட்ட ஆரு உடைக்கிற?”

“ரெண்டு பேர். ஒண்டு, ஒரு கிருமி. நண்டு வளை தோண்டுற மாதிரி அந்தப் பூச்சுக்குள்ள பூந்து இருக்கும். தன்னைச் சுத்தி அமிலத்தை முறிக்கிற ஒரு சாமானைத் தானே செய்துகொள்ளும். அதாலதான் சாகாம இருக்கு. மற்றது, நீங்க பையில வச்சிருக்கிற குளிசை. அது நோவைக் குறைக்கும். ஆனா கட்டுக்கு மண் போடுற ஆக்களையும் வேலைக்குப் போகாம நிப்பாட்டிப் போடும்.”

விவசாயி தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு குளிசை அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். அதைப் பற்றி டொக்டர் அதுவரை ஒரு வார்த்தையும் கேட்டிருக்கவில்லை. பையின் துணிக்கு வெளியே அட்டையின் மூலை தெரிந்ததைக் கண்டிருக்கிறார். எனக்கு அது தெரியவே இல்லை. அந்த மனிதரிடம் வேலை பழகக் கிடைத்ததற்கு நான் இன்றைக்கும் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்கிறேன்.

கிருமியைப் பிடிக்கிற வேலை என்னுடையது. டொக்டர் குழாயின் வழியே ஒரு சிறு கவ்வியை விட்டு, வயிற்றின் உட்சுவரிலிருந்து அரிசிக் குறுநொய் அளவு சதை எடுப்பார். அதை மஞ்சள் நிற ஜெல்லி உள்ள சிறு வில்லையில் நான் புதைத்து மூடுவேன். கிருமி இருந்தால் அது செய்கிற சாமானால் மஞ்சள், ரோசா நிறமாக மாறும். சில வேளை நான் கையுறையைக் கழற்றுவதற்குள் மாறிவிடும். சில வேளை மறுநாள்தான் மாறும். ஒவ்வொரு முறையும் அது மாறுவதைக் காண எனக்கு ஆசையாக இருக்கும். யார் குற்றவாளி என்று வெளிச்சமாகத் தெரிந்தால் ஒரு நிம்மதிதானே.

இனி, நான் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். அந்தக் கலியாண வீட்டில் றிஸ்னா இதையெல்லாம் எழுதச் சொல்லிக் கேட்டபோது இதை விட்டுவிட்டு எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

எங்கள் பள்ளிவாசலில் ஒரு ஹாபிழ் இருந்தார். குர்ஆன் முழுவதையும் மனனம் செய்தவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். நோன்பு மாதம் முழுவதும் இரவில் தராவீஹ் தொழுகையை அவர்தான் நடத்துவார். இருபது றக்அத், நின்று, குனிந்து, நெற்றி நிலத்தில் பட சுஜூது செய்து எழும்ப வேண்டும். அந்தக் குரலுக்காகவே பக்கத்து ஊர்களில் இருந்தும் சனம் வரும். பெண்கள் பகுதியில் திரைக்குப் பின்னால் நின்று அழுதவர்களில் நானும் ஒருத்தி. அப்படிப்பட்டவர் நோன்புக்கு இரண்டு மாதம் இருக்கையில், மேல்வயிறு எரிகிறது என்று எங்கள் அறைக்கு வந்தார். என் ஹாபிழ் என் அறைக்கு வந்திருக்கிறார் என்ற பெருமை எனக்குத் தலைக்கு மேல்.

டொக்டர் முக்காலியில் உட்கார்ந்தார். “மௌலவி, உடம்பு நொந்தா என்ன செய்வீங்க?” பேனா கீழே போனது.

ஹாபிழ் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் வரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு கள்ளனை விசாரிக்கிற மாதிரி மார்க்கம் படித்த ஓர் ஆலிமை வைத்திருக்கிறோமே என்று எனக்குள் கொதித்தது.

“டொக்டர், இவர் எங்கட பள்ளி ஹாபிழ். அந்த மாதிரிக் குளிசை போடுற ஆள் இல்ல” என்றேன்.

ஹாபிழ் நிமிர்ந்து என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தார். டொக்டரும் என்னைப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. படிவத்தை என் பக்கம் தள்ளி, “அப்ப நீங்களே எழுதுங்க மிஸ்” என்றார். நான் ‘இல்லை’ என்று எழுதினேன். நல்ல குண்டு எழுத்தில் எழுதினேன்.

குழாய் விட்டபோது வயிற்றின் கீழ்ப்பகுதியில் ஒரு புண் தெரிந்தது. வில்லையில் சதை வைத்தேன். மஞ்சள், மஞ்சளாகவே இருந்தது. மறுநாளும் அப்படியே இருந்தது. ஆய்வுகூடத்துக்கு அனுப்பிய சதையில் புற்றும் இல்லை என்று அறிக்கை வந்தது. டொக்டர் அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“கிருமி இல்ல. புற்று இல்ல. அப்ப இந்தப் புண்ணை ஆர் செய்தது? ஹாபிழ் வெளியே வாங்கில இருக்கிறார். நீங்க அவருக்குத் தெரிஞ்ச ஆள். திரும்ப ஒருக்கா தனியக் கேட்டுப் பாருங்க.”

நான் போனேன். என்ன கேட்டேன் தெரியுமா? “மௌலவி, நீங்க நோக்குளிசை ஒண்டும் பாவிக்கிறல்லதானே?”

அவர் தலையைக் குனிந்துகொண்டு, “அல்ஹம்துலில்லாஹ்” என்று இறைவனைப் புகழ்ந்தார்.

நான் உள்ளே வந்து, “இல்லையாம் டொக்டர்” என்றேன்.

டொக்டர் அமிலச் சுரப்பைக் குறைக்கும் கெப்ஸ்யூல் கொடுத்து, இரண்டு மாதம் விடாமல் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். ஹாபிழுக்கு எரிவு நின்றது. நின்றதும், எல்லோரும் செய்கிற மாதிரி, கெப்ஸ்யூலையும் நிறுத்திவிட்டார். நோன்பு வந்தது.

நோன்பின் நடுப் பத்து நாட்களில் ஒருநாள் காலை, நான் வேலைக்கு வந்து உடுப்பு மாற்றி நிற்கிறேன், வெளியே ஓட்டோச் சத்தம். சுபஹ் தொழுகை முடிந்து கைகால் கழுவி வுழூச் செய்யும் இடத்தில் ஹாபிழ் மயங்கி விழுந்திருக்கிறார். விழுவதற்கு முன் கோப்பித்தூள் கரைசல் மாதிரி வாந்தி எடுத்திருக்கிறார். தூக்கிக்கொண்டு வந்தவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். சாகாமத்தில் எங்களுக்கு வயல். வெட்டு நேரம் தவிர மற்ற நாட்களில் அவர் ஐந்து நேரமும் அந்தப் பள்ளியில்தான். அவருடைய வெள்ளைச் சேட்டின் முன்பக்கமெல்லாம் கறை. “புள்ள, எப்பிடியாவது காப்பாத்து” என்று என்னிடம் சொன்னார்.

ஹாபிழின் முகம் சுண்ணாம்பு பூசிய மாதிரி இருந்தது. நாடி பறந்தது, இரத்த அழுத்தம் கீழே கிடந்தது. இரண்டு கைகளிலும் பெரிய ஊசி போட்டு, சேலைன் ஓடவிட்டு, இரத்தப் பரிசோதனைக்கு ஆளை ஓட்டினோம். நெஞ்சில் வயர்களை ஒட்டுவதற்காக ஜுப்பாவின் முன்பக்கத்தைக் கத்தரித்தேன். பையில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தேன். பத்துக் குளிசை உள்ள அட்டை. ஏழு குழிகள் காலி.

பெயரை வாசிக்கத் தேவையே இல்லை. நாளுக்கு எத்தனை அட்டைகளை மற்றவர்களின் பைகளில் இருந்து எடுத்துப் பார்த்தவள் நான்! அந்த நேரம் யாரும் என்னைப் பார்க்கவில்லை. குப்பைக் கூடை என் காலடியில்தான் இருந்தது. என் கை அந்தப் பக்கம் போனது உண்மை. அல்லாஹ் கண்டதை நான் மறைத்து ஆகப்போவது என்ன? அட்டையைக் கொண்டுபோய் டொக்டரிடம் கொடுத்தேன்.

அவர் அட்டையைப் பார்த்தார். பழைய படிவத்தைத் திறந்து, என் குண்டு எழுத்தைப் பார்த்தார். அட்டையை அந்த எழுத்தின் மேல் வைத்துப் படிவத்தை மூடினார்.

“முதல்ல இரத்தத்தை நிப்பாட்டுவம் மிஸ்.”

அவருக்கு ஆபத்து நேரத்தில் குரல் ஏறாது, இறங்கும். அன்று கிட்டத்தட்ட காதோடு சொல்கிற மாதிரி இருந்தது. ஹாபிழை இடப்பக்கமாகச் சரித்தோம். பல்லுக்கு நடுவே வளையம் வைத்தேன். குழாய் உள்ளே போனது. திரையில் முதலில் தெரிந்ததெல்லாம் கறுப்பும் சிவப்பும்தான். தண்ணீர் அடித்தார், உறிஞ்சினார், மறுபடி அடித்தார். அவசரமே இல்லை. வேறு யாராவது என்றால் வெட்டுகிற டொக்டரைக் கூப்பிடுங்கள் என்று அந்நேரம் சத்தம் போட்டிருப்பார்கள். நாலாம் முறை கழுவியபோது புண் தெரிந்தது. அதன் நடுவில் ஒரு சின்னக் குழாயின் வாய். அதிலிருந்து இரத்தம் நாடித் துடிப்போடு சேர்ந்து விட்டுவிட்டுப் பாய்ந்துகொண்டிருந்தது.

இரத்தக் குழாயைச் சுருங்கவைக்கும் மருந்தை நீர் கலந்து ஏற்றி, நீண்ட ஊசியின் மறுமுனையை நான் பிடித்திருந்தேன். அவர் குழாயை நடத்துவார். ஊசியை நீட்டுவதும் இழுப்பதும் மருந்தைத் தள்ளுவதும் நான். அதுவரை எத்தனையோ தரம் செய்த வேலை.

“ஊசி வெளியே.”

நீட்டினேன்.

“அரை மில்லி.”

தள்ளினேன். புண்ணின் ஓரம் வெளுத்துப் பொங்கியது.

“ஊசி உள்ளே. கை நடுங்குது மிஸ். ஒரு மூச்சு எடுங்க. நான் நிக்கிறன்.”

குழாயை அசையாமல் பிடித்துக்கொண்டு அவர் எனக்காகக் காத்து நின்றார். ஒரு மனிதனின் உயிர் ஒழுகிக்கொண்டிருக்கிறது, இவர் தாதிக்கு மூச்சு எடுக்க நேரம் கொடுக்கிறார். நான் மூச்சு எடுத்தேன். பிறகு மூன்று பக்கமும் மருந்து போட்டோம். பாய்ச்சல் கசிவானது, கசிவு நின்றது. கடைசியில் அந்த வாயில் ஒரு சிறு கிளிப்பை மாட்டினார். ஐந்து நிமிடம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு துளியும் வரவில்லை.

குழாயைக் கழுவும் தொட்டியடியில் நான் அழுதேன். அவர் வந்து பக்கத்தில் நின்றார்.

“டொக்டர், அவர் அண்டைக்கு இல்லை எண்டு சொல்லல்ல. நான் கேட்டதுக்கு அல்ஹம்துலில்லாஹ் எண்டுதான் சொன்னவர். நான்தான் உங்களிட்ட இல்லையாம் எண்டு சொன்னன்.”

“அவர் சொன்னதைச் சொன்னபடியே என்னிட்டச் சொல்லியிருக்கலாமே. நான் உங்கட ஆக்களோட எத்தின வருஷம் பழகினவன்? இல்லை எண்டு சொல்ல வேண்டிய எடத்தில ஒரு மௌலவி அல்ஹம்துலில்லாஹ் எண்டாரெண்டா, அவரால பொய் சொல்ல ஏலாம இருக்கு எண்டு எனக்கு விளங்கியிருக்கும்.”

அவ்வளவுதான் ஏச்சு. பிறகு படிவத்தைக் கொண்டுவரச் சொன்னார். “அழிக்க வேணாம். ஒரு கோடு கீறி, மேல சரியானதை எழுதி, கையெழுத்து வையுங்க.” வைத்தேன். அவர் பேனாவை வாங்கி, என் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தையும் வைத்தார். “கேட்டது நான். பதில் வர முந்தி படிவத்தை உங்களிட்டத் தள்ளினதும் நான்தானே” என்றார். முப்பத்து நாலு வருட வேலையில் எத்தனையோ பெரிய டொக்டர்மாரைக் கண்டேன். தாதியின் பிழைக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தை வைத்த ஒருவரை அவரைத் தவிர காணவில்லை.

மூன்றாம் நாள் ஹாபிழ் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். நான் முன்னால் நின்று, “என்ன மன்னிச்சிருங்க மௌலவி” என்றேன்.

“நீங்க என்னத்துக்கு ராத்தா? முழங்கால் ரெண்டும் ஒரு வருஷமா ஏலா, அப்ப இரிந்தே குளிசைதான். மதறசாவில நாள் முழுக்க நிலத்தில இரிக்கிற. சுஜூதில இரிந்து எழும்பக்குள்ள கத்தி வச்ச மாதிரி இரிக்கும். பின்னால அவ்வளவு சனம் நிக்கிது. எப்பிடி நான் கதிரையில இரிக்கிற? நோன்பு துறந்துட்டு ஒண்டு, விடிய முந்தி சஹருக்கு ஒண்டு போட்டன். அண்டைக்கு டொக்டர் கேக்கக்குள்ள சொல்லத்தான் வாயத் துறந்த. நீங்க என்ன ஒசத்தி வச்சிட்டீங்க. அதில இரிந்து எறங்க வெக்கமாப் பெய்த்து.”

டொக்டர் வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “அப்ப இனி எனக்குத் தராவீஹ்?” என்பதுதான். புண் திரும்ப உடைந்தால் இன்னொரு முறை தப்புவது கஷ்டம் என்பதை அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தோம்.

“தொழுகையைப் பத்திக் கதைக்க எனக்கு அறிவில்ல மௌலவி. அதை உங்கட பெரியாக்களிட்டக் கேளுங்க. முழங்காலைப் பத்தி நான் கதைக்கிறன்” என்றார் டொக்டர். மூட்டு டொக்டருக்குக் கடிதம் எழுதினார். அமிலக் கெப்ஸ்யூலைச் சாப்பிடுவதற்கு அரை மணித்தியாலம் முன்பு போட வேண்டும். நோன்பு முடியும்வரை எப்போது போடுவது என்பதை, பள்ளிவாசல் அச்சடித்த நோன்பு நேர அட்டையைத் தன் மேசை லாச்சிக்குள்ளிருந்து எடுத்து, சஹர் முடிவு நேரத்துக்குப் பக்கத்தில் தானே குறித்துக் கொடுத்தார். வருடாவருடம் அந்த அட்டையைத் தேடி வாங்கி வைத்துக்கொள்வார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

நோன்பின் கடைசி வெள்ளிக்கிழமை. நான் வேலையில் நின்றேன். பள்ளிவாசல் கிட்டத்தான். ஜும்ஆ முடிந்ததும் ஒலிபெருக்கியில் ஹாபிழின் குரல் கேட்டது. குரல் மெலிந்திருந்தது. கதிரையில் இருந்துதான் பேசினார் என்று பிறகு சொன்னார்கள்.

“வைத்தியசாலையில என்னிட்டக் கேட்டாங்க. நான் மறைச்சன். உங்கள்ட கண்ணுக்கு நல்லா நிக்கோணும் எண்டு குளிசையப் போட்டுட்டு நிண்டன். அல்லாஹ் எனக்குக் கதிரையத் தடுக்கல்ல, என்ட பெருமைதான் தடுத்தது. உங்கள்ள ஆரும் பையில குளிசைய வச்சிக்கிட்டு வயித்து நோவோட திரிஞ்சா, போய்க் காட்டுங்க. கேட்டா மெய்யச் சொல்லுங்க.”

என்னைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. யன்னலைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு, அந்த மனிதர் குர்ஆன் ஓதும் கிறாஅத்தைக் கேட்டு அழுததைவிட அன்று கூடுதலாக அழுகை வந்தது. இப்போது அவர் கதிரையில் இருந்தபடியே மதறசாவில் ஓதிக்கொடுக்கிறார். புண் திரும்ப வரவில்லை.

பெருநாள் கழிந்த செவ்வாய்க்கிழமை கிளினிக். நான் வாங்கடிக்கு வந்து பார்த்தால், பள்ளிவாசலின் முன்வரிசை முழுவதும் அங்கே இருக்கிறது. தொப்பியோடு, வரிசை குலையாமல் இருந்தார்கள். ஒவ்வொருவரின் சட்டைப் பையிலும் ஓர் அட்டை. டொக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “முதலாவது ஆளைக் கூப்பிடுங்க மிஸ்” என்றார்.

கதவைத் திறந்து இலக்கம் ஒன்று என்று கூப்பிட்டேன். எழுந்து வந்தவர் என் வீட்டுக்காரர்.

அவர் என் முகத்தைப் பார்க்காமல் நேரே போய்க் கதிரையில் இருந்தார். டொக்டர் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “உடம்பு நொந்தா என்ன செய்வீங்க?” என்றார். என் வாய் திறந்துவிட்டது. இவருக்கு ஒன்றும் இல்லை, நான் தாதி, என் வீட்டில் அப்படிக் குளிசை கிடையாது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு மற்றப் பையிலிருந்து இன்னொன்று.

“இடுப்பு நோவு டொக்டர். வயல்ல குனிஞ்சா நிமிர ஏலா. போடாட்டிப் படுக்கதான்.”

“ஊட்ட ஒரு நேர்ஸ் இரிக்கக்குள்ள, என்னிட்ட ஒரு சொல்லுச் சொன்னீங்களா?” என்று நான் வெடித்தேன்.

அவர் அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது. “நீ எப்ப கேட்ட? ‘உங்களுக்கு ஒண்டும் இல்லதானே’ எண்டுதானே கேப்பாய். ஓம் எண்டு சொல்லிட்டுப் போயிருவன்.”

டொக்டர் பேனாவைத் தொடவில்லை. படிவம் என் கையில் இருந்தது. நான் முக்காட்டைச் சரி செய்துகொண்டு, மற்ற நோயாளியிடம் கேட்கிற மாதிரியே கேட்டேன்:

“எவ்வளவு காலமாப் போடுறீங்க?”

கேட்டுவிட்டு நின்றேன். அவர் விரல் விட்டு எண்ணினார்.

“நீ இந்தக் கெமரா றூமுக்கு மாறி வந்த வருஷத்தில இரிந்து” என்றார்.

அவர் சொன்னபடியே எழுதினேன்.